ஏர் பியூரிஃபையரா, எக்ஸாஸ்ட் ஃபேனா, மாஸ்க்கா? வேலூர் வீட்டுக்கு எது முதலில்

வீட்டில் வீசிங் இருக்கும் பிள்ளையோ, நாலு படி ஏறினால் இளைக்கும் தாத்தாவோ இருந்தால், மார்கழி பிறந்ததும் இந்தப் பேச்சு வந்துவிடும்: ஒரு ஏர் பியூரிஃபையர் வாங்கிப் போட்டுவிடலாமா? 15,000 ரூபாய் ஒதுக்கியாயிற்று என்று வைத்துக்கொள்வோம். பியூரிஃபையர் வாங்கினால் ஏறக்குறைய எல்லாப் பணமும் ஒரே பெட்டியில் முடிந்துவிடும். அதே பணத்தில் சமையலறைக்கு எக்ஸாஸ்ட் ஃபேன், ஜன்னலுக்குக் கொசுவலை, வண்டி ஓட்டுகிறவருக்கு என்95 மாஸ்க், பிள்ளைக்கு ஸ்பேசர் (இன்ஹேலரில் பொருத்தி மூச்சிழுக்கும் பிளாஸ்டிக் குழாய்) என்று வாங்கினால் கையில் மிச்சமும் நிற்கும். நுரையீரலுக்கு எது அதிகம் உதவும்?

எங்கள் கணக்கில், வேலூரின் பெரும்பாலான வீடுகளுக்குப் பியூரிஃபையர் நான்காவது இடத்தில்தான் வருகிறது. கருவியில் குறை இல்லை. இந்த ஊரின் வெயிலும், வீடு கட்டும் முறையும், புகை வரும் வழியும் அதற்கு ஒத்துவருவதில்லை.

டெல்லிச் செய்தியைப் பார்த்து வேலூரில் முடிவெடுப்பதில்தான் முதல் பிழை. அங்கே குளிர்காலத்தில் வாரக்கணக்கில் ஊர் முழுக்கக் கெட்ட காற்று. ஓடி ஒளிய இடமில்லை, அதனால் அறைக்குள் ஒரு கருவி வைப்பதில் அர்த்தம் இருக்கிறது. இங்கே நிலைமை வேறு. சுற்றிலும் மலை இருப்பதால், டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை இரவுக் குளிர்காற்று கீழேயே தங்கி, புகையும் அதோடு தாழ்ந்து கிடக்கும். காலை 8, 9 மணிக்கு வெயில் ஏறியபின் தான் கலையும். அதை விட்டால், நம்மைத் தாக்கும் புகை பெரும்பாலும் பக்கத்திலிருந்தே வருகிறது. கிரீன் சர்க்கிளில் உறுமிக்கொண்டு நிற்கும் பஸ், தெருமுனையில் கொளுத்திய குப்பை, வாணலியில் கருகிய மிளகாய், கட்டிலுக்கடியில் கொசுவத்திச் சுருள். நேரமும் தூரமும் குறைவு, அடர்த்தி மட்டும் மிக அதிகம். எதிரி இவ்வளவு கிட்டத்தில் இருக்கும்போது, புகையைக் கிளப்புகிற இடத்திலேயே நிறுத்துவதுதான் மலிவு.

இன்னொரு கணக்கையும் இங்கேயே பார்த்துவிடலாம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் செயலியில் வேலூருக்கு வசந்தபுரம் நிலையத்தின் அளவு கிடைக்கும். ஏ.க்யூ.ஐ. என்னும் காற்றுத் தரக் குறியீடு 90 என்று வந்தால் ‘திருப்தி’ என்று இளம்பச்சையில் காட்டும். ஆனால் அந்த எண் பி.எம். 2.5 நுண்துகளால் வந்ததென்றால், ஒரு கனமீட்டர் காற்றில் சுமார் 54 மைக்ரோகிராம் துகள் இருக்கிறது என்று பொருள். நம் தேசியத் தரம் 24 மணி நேரச் சராசரிக்கு 60 வரை அனுமதிக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வைத்த வரம்பு 15. ஆரோக்கியமானவருக்கு ‘திருப்தி’யான நாள் ஆஸ்துமாக்காரருக்கு அப்படி இருக்க வேண்டியதில்லை. தவிர, அது ஒரு நாள் முழுவதன் சராசரி, ஓர் இடத்தின் அளவு. உங்கள் வாசலில் அரை மணி நேரம் எரிந்த குப்பை அதில் தெரியவே தெரியாது.

பி.எம். 10 என்பது புழுதி; பெரும்பகுதி மூக்கிலும் தொண்டையிலும் பெரிய மூச்சுக்குழாய்களிலும் தங்கி இருமலைக் கிளப்பும். பி.எம். 2.5 தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்கு. நுரையீரலின் காற்றறை வரை இறங்கும், அதிலும் மிக நுண்ணியவை ரத்தத்தில் கலக்கும். அதனால்தான் மருத்துவர்கள் இதை இருமலோடு நிறுத்தாமல் மாரடைப்பு, பக்கவாதம், நுரையீரல் புற்றுநோய், குறைந்த எடையில் பிறக்கும் குழந்தை வரை கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். டீசல் புகையை 2012-இலும், வெளிக்காற்று மாசை 2013-இலும் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை வகைப்படுத்தியது. மூன்றாவது வகை வாயுக்கள்: கார்பன் மோனாக்சைடு, நைட்ரஜன் டை ஆக்சைடு, ஓசோன். மாஸ்க்கும், பியூரிஃபையருக்குள் இருக்கும் ஹெப்பா ஃபில்டரும் துகளைத்தான் பிடிக்கும், வாயுவை விட்டுவிடும். இந்த வேறுபாடு மனதில் இருந்தால் கடையில் யாரும் உங்களை ஏமாற்ற முடியாது.

முதல் 500 ரூபாய்

ஏற்கெனவே ஆஸ்துமா இருக்கிறவருக்கு எந்தக் கருவியையும் விட அதிகம் வேலை செய்வது, டாக்டர் எழுதிக் கொடுத்த தடுப்பு இன்ஹேலரைத் தினமும் சரியாக எடுப்பதுதான். பல வீடுகளில் நடப்பது வேறு. மூச்சு முட்டும்போது நீல இன்ஹேலரை அடிப்பார்கள். தினசரி எடுக்க வேண்டியதை ‘பழகிவிடும்’ என்று பீரோவில் வைத்துவிடுவார்கள். இன்ஹேலர் பழக்கமாகிவிடாது. தடுப்பு மருந்து இல்லாமல் மூச்சுக்குழாய் வீங்கியே கிடந்தால், கொஞ்சம் புகை பட்டாலும் சுருங்கும்.

ஸ்பேசர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அது இல்லாமல் அடிக்கும் மருந்தில் பெரும்பகுதி தொண்டையில் ஒட்டி வீணாகிறது. இன்ஹேலரை நன்றாகக் குலுக்கி, ஸ்பேசரில் பொருத்தி, ஒரு முறை மட்டும் அழுத்தி, பிள்ளையை நிதானமாக ஐந்தாறு மூச்சு எடுக்கச் சொல்லுங்கள். இரண்டாவது பஃப் வேண்டுமென்றால் அரை நிமிடம் கழித்து. இரண்டையும் சேர்த்து அழுத்தினால் மருந்துத் துளிகள் ஒன்றோடொன்று ஒட்டி ஸ்பேசர் சுவரிலேயே தங்கிவிடும். ஸ்டீராய்டு வகை என்றால் வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படரும். வாரம் ஒருமுறை சோப்புத் தண்ணீரில் முக்கி எடுத்து அப்படியே உலர விடுங்கள்; துணியால் துடைத்தால் பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் ஏறி மருந்தை இழுத்துக்கொள்ளும். இவ்வளவையும் சி.எம்.சி.யிலோ அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையிலோ ஒருமுறை நேரில் செய்து காட்டச் சொல்லிப் பார்த்துவிடுவது நல்லது.

கூடவே, மூச்சை ஊதும் வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டர் ஒன்று வாங்கிக் காலையும் மாலையும் ஊதி எழுதி வைத்தால், எந்தப் புகை யாரைப் பாதிக்கிறது என்று ஊகிக்க வேண்டியதில்லை. நல்ல நாளில் ஊதிய உச்ச அளவில் 80 சதவீதத்துக்குக் கீழே போனால் எச்சரிக்கை; 50-க்குக் கீழே போனாலோ, ஒரு வாக்கியத்தை மூச்சு விடாமல் சொல்ல முடியாவிட்டாலோ, உதடு நீலம் பூத்தாலோ 108.

சமையலறை: பணம் பலிக்கும் இடம்

காய்ந்த மிளகாய் தாளிக்கும்போது முன்னறையில் இருப்பவர்வரை தும்முகிறார் என்றால், அந்த வீட்டில் மிக மோசமான காற்று தெருவில் இல்லை, அடுப்படியில் இருக்கிறது. எண்ணெய் காய்ந்து புகையும் அந்தச் சில நிமிடங்களில் வீட்டுக்குள் துகள் அளவு வெளியே உள்ளதைப் போலப் பல மடங்கு ஏறும். தினமும் மூன்று வேளை.

8 அடிக்கு 8 அடி, 10 அடி உயரம் உள்ள சமையலறையின் கொள்ளளவு 640 கன அடி, அதாவது சுமார் 18 கனமீட்டர். மணிக்கு 15 முதல் 20 முறை காற்று மாற வேண்டும். ஆக 270 முதல் 360 கனமீட்டர் இழுக்கும் ஃபேன் தேவை. 9 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேனின் பெட்டியில் இதைவிட அதிகமான எண்ணே அச்சிட்டிருக்கும். ஆனால் பின்னால் இருக்கும் ஷட்டர், பறவை வலை, பிசுக்கு எல்லாம் சேர்ந்து அதில் நல்ல பங்கைத் தின்றுவிடும் என்பதால், இடம் இருந்தால் 12 அங்குலமே வைத்துவிடுங்கள். ஃபேன், கிரில், சுவரில் துளை போடும் கூலி எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 3,000 ரூபாய்க்குள் முடியும்.

பணம் போட்டும் பயன் இல்லாமல் போவது பொருத்துகிற இடத்தால். ஃபேனுக்கு ஒட்டியே ஜன்னல் இருந்து அது திறந்திருந்தால், ஃபேன் அந்த ஜன்னலிலிருந்து வரும் காற்றை இழுத்து அப்படியே வெளியே தள்ளும்; அடுப்புப் புகை இருந்த இடத்திலேயே சுற்றும். பக்கத்து ஜன்னலைச் சாத்தி, எதிர்ப்பக்கக் கதவைத் திறந்து வைக்க வேண்டும். காற்று உள்ளே வர ஒரு வழி, அடுப்பைத் தாண்டி, வெளியே போக ஒரு வழி. சோதிப்பது சுலபம்: அடுப்புமேடையில் ஓர் ஊதுவத்தியை ஏற்றிப் பிடியுங்கள். புகை ஃபேன் பக்கம் சாய்ந்து போனால் சரி; நேராகக் கூரைக்கு ஏறிப் பரவினால் காற்றோட்டம் தப்பு. எண்ணெய் வைப்பதற்கு முன்பே ஃபேனைப் போட்டு, அடுப்பை அணைத்தபின் 10, 15 நிமிடம் ஓட விடுங்கள். தட்டில் சாப்பாடு போட்டதும் ஃபேனை நிறுத்துவதுதான் எங்கும் பார்க்கும் தவறு. மாதம் ஒருமுறை பிளக்கைக் கழற்றிவிட்டு இறக்கையின் பிசுக்கை வெந்நீரும் சோப்புத்தூளும் வைத்துத் துடைத்தாலே பழைய இழுவை திரும்பும்.

சிம்னி இதைவிட நன்றாக இழுக்கும், அடுப்புக்கு மேல் 65 முதல் 75 சென்டிமீட்டருக்குள் மாட்டி, 6 அங்குலக் குழாயை வளைவு குறைவாக வெளியே கொண்டுபோனால். குழாய் இல்லாமல் கார்பன் ஃபில்டர் வழியாக அறைக்குள்ளேயே திருப்பி விடும் வகையை வாங்காதீர்கள். அது வாசனையைக் கொஞ்சம் குறைக்கும். நைட்ரஜன் டை ஆக்சைடும் கார்பன் மோனாக்சைடும் உள்ளேதான் இருக்கும். வாடகை வீட்டில் இருப்பவருக்கு எக்ஸாஸ்ட்டே போதும்.

அடுப்பின் ஜ்வாலை நீலமாக இல்லாமல் மஞ்சளாக ஆடினால், பாத்திரத்தின் அடி கரி பிடித்தால், பர்னர் துளை அடைத்திருக்கிறது. சுத்தம் செய்ய ஒரு ஊசி போதும். தோட்டப்பக்கம் வெந்நீர் அடுப்பு வைத்திருப்பவர்கள் பால் கவரையும் அட்டையையும் போட்டுப் பற்றவைப்பதை நிறுத்தினால் அதுவே பெரிய காரியம். தென்னை மட்டைப் புகை கெடுதல்தான். பிளாஸ்டிக் புகை அதைவிடப் பல மடங்கு கெடுதல். கேஸ் கீசரைச் சாத்திய குளியலறைக்குள் மாட்டுவது இவை எல்லாவற்றையும் விட ஆபத்து: கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, நெடியும் இல்லை, ஆள் மயங்கி விழுந்தபின் தான் தெரியும். எந்தப் பியூரிஃபையரும் அதைப் பிடிக்காது.

கொசுவத்தியும் சாம்பிராணியும்

நிக்கல்சன் கால்வாய் ஓரம் குடியிருப்பவர்களிடம் கொசுவத்தியை நிறுத்துங்கள் என்று சும்மா சொல்லிவிட்டுப் போக முடியாது. ஆனால் கணக்கு இது: ஒரு சுருள் முழுதாக எரிந்தால் வெளிவரும் பி.எம். 2.5 நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் எரிந்ததற்குச் சமம் என்று 2003-இல் வந்த ஓர் ஆய்வு அளந்து சொன்னது. அதைச் சாத்திய அறையில், பிள்ளை படுத்திருக்கும் பாய்க்கு இரண்டடி தள்ளி ஏற்றி வைக்கிறோம். திரவ மெஷினில் புகை இல்லை, ஆனால் மருந்தாவி சில ஆஸ்துமாக்காரர்களுக்கு ஒத்துக்கொள்ளாது. கட்டிலுக்குக் கொசுவலை 1,000 ரூபாய்க்குள், வெல்க்ரோ வைத்து ஒட்டும் ஜன்னல் வலை ஒரு வீட்டுக்குச் சில ஆயிரம். வலை போட்டால் ஜன்னலைத் திறந்து வைக்கவும் முடியும் என்பதால் இது இரட்டை லாபம். எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு அடுத்த இடத்தை நாங்கள் இதற்குத்தான் தருவோம்.

வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடாதீர்கள் என்றால் ஆயா ஒத்துக்கொள்ள மாட்டார். வீசிங் பிள்ளையை மாடிக்கோ பக்கத்து வீட்டுக்கோ அரை மணி நேரம் அனுப்பிவிட்டு, கதவு ஜன்னல் எல்லாம் திறந்து போடச் சொல்லுங்கள். கொட்டாங்கச்சித் தணலை அணைத்த பிறகு பிள்ளை வரட்டும்.

மாஸ்க்: வண்டியில் போகிறவருக்கு

காட்பாடி சித்தூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து விருதம்பட்டு, பாலாற்றுப் பாலம் தாண்டி பாகாயம் வரை தினம் டூவீலரில் போய்வருகிறவருக்கு, லாரியின் சைலன்சர் முகத்துக்கு நேர் எதிரே இருக்கிறது. அவருக்கு மாஸ்க் இரண்டாவது இடத்துக்கே ஏறிவிடும். அதே வழியில் 1, 2 நம்பர் டவுன் பஸ்ஸில் வந்தாலும் ஜன்னல் வழியே வருவது அதே ரோட்டுக் காற்றுதான். காரில் கண்ணாடியை ஏற்றி ரீசர்க்குலேஷனில் விட்டால் துகள் நன்றாகக் குறையும், கால் மணிக்கு ஒருமுறை இரண்டு நிமிடம் வெளிக்காற்றை விட்டுக்கொண்டால் தூக்கம் வராது.

கர்ச்சீப், துப்பட்டா, சர்ஜிக்கல் மாஸ்க் மூன்றும் புழுதியை ஓரளவு தடுக்கும். நுண்துகளுக்கு ஏறக்குறைய திறந்த கதவு. என்95 அல்லது இந்தியத் தர முத்திரையுள்ள எஃப்.எஃப்.பி.2 வாங்குங்கள். ஐ.எஸ். 9473 என்ற எண் மாஸ்க்கிலேயே அச்சிட்டிருக்கும். காதில் மாட்டும் வகையைவிடத் தலைக்குப் பின்னால் இரண்டு பட்டை போகும் வகைதான் முகத்தோடு ஒட்டும். வால்வு வைத்தது மாசுக்குப் பரவாயில்லை, மூச்சுவிட சுலபம். சளிக்காய்ச்சல் இருப்பவர் போட்டால் மட்டும் அது பக்கத்திலிருப்பவரைக் காக்காது.

மாஸ்க்கின் துணியைவிட ஓரம் முக்கியம். கண்ணாடி முன் நின்று மாட்டி, மூக்குக் கம்பியை இரண்டு கை விரலாலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள்; ஒரு கையால் கிள்ளினால் நடுவில் கூர்மையாகி இரு பக்கமும் ஓட்டை விழும். உள்ளங்கைகளால் மூடி வேகமாக மூச்சை விடுங்கள். கண்ணுக்குக் காற்று அடித்தால், மூக்குக்கண்ணாடி பனித்தால், மேலே ஒழுகுகிறது. ஒரு வாரம் போட்ட மாஸ்க்கைத் திருப்பி உள்பக்கம் பாருங்கள்: மூக்கின் பக்கவாட்டில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு ஓடியிருந்தால், காற்று ஃபில்டர் வழியாக வராமல் அந்தக் கோட்டின் வழியாக வந்துகொண்டிருக்கிறது. இந்தக் கோட்டைவிட நம்பகமான பரிசோதனை வீட்டில் கிடையாது. தாடி இருந்தால் எந்த மாஸ்க்கும் ஒட்டாது. ஹெல்மெட்டுக்கு முன் மாஸ்க், ஹெல்மெட் போட்டபின் மறுபடி ஒருமுறை ஓரம் சரிபார்ப்பு. ஹெல்மெட்டின் கன்னப் பஞ்சு மாஸ்க்கைத் தள்ளி நகர்த்திவிடும்.

துவைக்காதீர்கள். இந்த நூலிழைகளில் ஏற்றிய நிலைமின்சாரம்தான் நுண்துகளை இழுத்துப் பிடிக்கிறது. சோப்பு, சானிடைசர் பட்டால் அது போய்விடும். பார்க்கப் புதிதுபோல இருக்கும், வேலை செய்யாது. இரண்டு மூன்று மாஸ்க்கை மாற்றி மாற்றி, காகிதக் கவரில் போட்டு உலர வைத்துப் பயன்படுத்தலாம். மூச்சு இழுக்கக் கனமாகிவிட்டாலோ பட்டை தளர்ந்தாலோ நனைந்தாலோ தூக்கிப் போடுங்கள். சி.ஓ.பி.டி. என்னும் நாள்பட்ட மூச்சடைப்பு நோய் உள்ள பெரியவருக்கு என்95-ஐ நீங்களாக மாட்டிவிடாதீர்கள். இழுத்து மூச்சுவிடவே திணறுகிறவருக்கு அது கூடுதல் சுமை, டாக்டரைக் கேட்டுத்தான்.

இனி பியூரிஃபையர்

ஏப்ரல் முதல் ஜூன் வரை வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்கள் ஏராளம். ஏ.சி. இல்லாத அறையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு பியூரிஃபையர் ஓட்டினால், புகையிலிருந்து தப்பிய தாத்தா வெப்பத்தில் மாட்டுவார். ஜன்னலைத் திறந்தால் கருவி தெருவைச் சுத்தம் செய்துகொண்டிருக்கும், முடிகிற காரியமா? ஐப்பசி கார்த்திகையில் மழை காற்றைக் கழுவிவிடுகிறது. ஆக, ஏ.சி. இல்லாத வீட்டில் அதற்கு உண்மையான வேலை டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரையுள்ள இரவுகள், தீபாவளி, போகி. ஏ.சி. படுக்கையறை என்றால் கணக்கு மாறும்; அந்த அறை எப்படியும் மூடித்தான் இருக்கிறது. ஸ்பிளிட் ஏ.சி. வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அதன் வலை பஞ்சையும் முடியையும் பிடிக்கும், நுண்துகளைப் பிடிக்காது. அங்கே பியூரிஃபையர் சரியான துணை.

வீடும் ஒத்துழைக்க வேண்டும். ஓட்டு வீட்டில் கூரை இடுக்கு முழுக்கக் காற்றுவழி. பழைய மெத்தை வீட்டிலும் ஜன்னலுக்கு மேல் சாத்த முடியாத ஒரு வென்டிலேட்டர் இருக்கும். அதை அட்டை வைத்து மூடாமலும், கதவடி இடுக்கில் துணி சுருட்டி வைக்காமலும் கருவியை ஓட்டுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் மொள்வதுபோலத்தான்.

அப்படியும் வாங்குவதென்றால் விளம்பரத்தின் ‘400 சதுர அடி’யை மறந்துவிட்டு சி.ஏ.டி.ஆர். எண்ணை, அதாவது மணிக்கு எத்தனை கனமீட்டர் சுத்தக் காற்று தரும் என்பதைக் கேளுங்கள். 10-க்கு 12 அடி, 10 அடி உயர அறை 1,200 கன அடி, 34 கனமீட்டர். மணிக்கு ஐந்து முறை சுத்தமாக வேண்டுமானால் 170 தேவை. ஆனால் பெட்டியில் போட்டிருக்கும் எண் உச்ச வேகத்துக்கானது. அந்தச் சத்தத்தில் யாரும் தூங்குவதில்லை. ஸ்லீப் மோடில் வைத்தால் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். ஆகவே 300 அளவுள்ள கருவியை வாங்கி நடுத்தர வேகத்தில் ஓட்டுவதே சரி. படுப்பதற்கு அரை மணி முன்பு உச்ச வேகத்தில் ஓட்டிவிட்டுப் பிறகு குறைத்துக்கொள்ளலாம். மின்சாரம் பெரிய செலவில்லை, 50 வாட் கருவி எட்டு மணி நேரத்துக்கு 0.4 யூனிட். செலவு வைப்பது ஃபில்டர். கருவி வாங்கும்போதே அதன் ஃபில்டர் விலையையும், அது இங்கே கடையில் கிடைக்கிறதா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

புதிதாக வாங்கியவர்கள் முதலில் பின்மூடியைத் திறந்து பார்க்கவும். பல கருவிகளில் ஃபில்டர் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தே வருகிறது. உறையைக் கிழிக்காமல் மாதக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் உண்டு. விளக்கு எரியும், காற்று வரும், ஒரு துகளும் பிடிபடாது. சுவரிலிருந்து ஓரடி தள்ளி வையுங்கள், திரைச்சீலைக்குப் பின்னால் வேண்டாம். சீலிங் ஃபேன் ஓடினால் நல்லதே, அறைக்காற்று கலந்து கருவிக்கு வரும். முன்வலையை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவலாம். ஹெப்பாவில் தண்ணீர் படக்கூடாது. அயனைசர், ஓசோன் என்று கூடுதலாக ஏதாவது இருந்தால் அதை அணைத்து வையுங்கள். ஓசோனே மூச்சுக்குழாயை எரிக்கும் வாயு. தொட்டிச் செடி, உப்பு விளக்கு பற்றிக் கேட்பவர்களுக்கு: வீட்டுக்கு அழகு, காற்றுக்கு ஒன்றுமில்லை.

ராணிப்பேட்டை, மேல்விஷாரம் பக்கம் தோல் தொழிற்சாலை வாடைக்காகப் பியூரிஃபையர் வாங்குகிறவர்கள் ஏமாறுவார்கள். அழுகிய முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்ஃபைடு, மூக்கை அரிப்பது அம்மோனியா, இரண்டும் வாயு. கருவியில் இருக்கும் மெல்லிய கார்பன் தாள் சீக்கிரமே நிரம்பிவிடும். சிப்காட்டில் மூடிய குரோமேட் ஆலையின் கழிவு மேடு முக்கியமாக மண்ணையும் நிலத்தடி நீரையும் பற்றிய பிரச்சினை; அந்தப் பகுதியில் பணத்தைக் குடிநீர்மேல் போடுவதே புத்தி.

இடம் மாறுவது

வாடகை ஒப்பந்தம் முடியும் நேரம் என்றால், மேலே சொன்ன எதையும் விட வீடு தேடும்போது நூறு இருநூறு மீட்டர் தள்ளிப் பார்ப்பது அதிகம் தரும். தேசிய நெடுஞ்சாலை ஊருக்குள்ளேயே ஓடும் சத்துவாச்சாரியில், சர்வீஸ் ரோடை ஒட்டிய வீட்டுக்கும் 150 மீட்டர் உள்ளே இருக்கும் வீட்டுக்கும் வாகனப் புகையில் பெரிய வித்தியாசம் இருக்கும். 300 மீட்டர் போனால் பெரும்பாலும் ஊர்ப் பொதுக்காற்றோடு கலந்துவிடும். சிக்னலுக்கும் மேம்பால ஏற்றத்துக்கும் பக்கத்தில் வேண்டாம், வண்டிகள் நின்று கிளம்பும்போதுதான் புகை அதிகம். வைத்தியத்துக்காக வந்து காந்தி ரோடு பக்கம் வாரக்கணக்கில் லாட்ஜில் தங்குகிறவர்கள் ரோட்டைப் பார்த்த பால்கனி அறையைவிடப் பின்பக்க மேல்மாடி அறையைக் கேட்டு வாங்குங்கள். கீழே ஹோட்டல் சமையலறையின் சிம்னி அந்த ஜன்னலுக்கு நேராக வருகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

நடைப்பயிற்சிக்குக் கோட்டை மைதானம் ரோட்டோரத்தை விட நல்லது, ஆனால் நேரம் மாற வேண்டும். கோடையில் காலை 6 மணி சரி. மதியம் வெயிலோடு ஓசோனும் ஏறும். தை மாதத்தில் அதே 6 மணி மோசமான நேரம், இரவுப் புகை அப்படியே படிந்திருக்கும், துடைப்பப் புழுதியும் சேரும். இளைப்புக்காரர்கள் 8 மணிக்கு மேல் இளவெயிலில் நடக்கட்டும்.

தெருமுனையில் குப்பை எரிந்தால், 2016 டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் திறந்தவெளியில் குப்பை எரிக்கத் தடை விதித்துச் சாதாரணமாக எரித்தால் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய் அபராதம் என்று சொல்லியிருக்கிறது. மாநகராட்சிக்குப் புகார் அனுப்பும்போது இதைக் குறிப்பிடுங்கள். புகையை மட்டும் படம் எடுக்காமல், பக்கத்திலிருக்கும் மின்கம்ப எண்ணோ தெருப்பெயர்ப் பலகையோ படத்தில் விழும்படி எடுங்கள். இடம் தெரியாத புகார் மேசையை விட்டு நகராது.